கரைமேட்டுக் காப்பு

போன பங்குனியில் நாற்பத்திரண்டு பூட்டுகளை நான் ஒரு அதிகாரிக்குச் சுற்றிக் காட்டினேன். அப்படி ஒரு வேலை வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

கரைமேட்டில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. குண்டாற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் திருச்சுழி. பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம்தான். ஆறு காய்ந்து கிடக்கிற பத்து மாசமும் பிள்ளைகள் மணலில் நடந்து போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைச் சுற்றி ஏழு கிலோமீட்டர். எங்கள் பக்கமே ஒரு தொடக்கப்பள்ளி வேண்டும் என்று மூன்று வருஷம் மனுப் போட்டபிறகு, கல்வி அலுவலகத்திலிருந்து ரேணுகாதேவி மேடம் வந்தார். வருஷம் முழுக்க இங்கே குடும்பங்கள் குடியிருக்கின்றனவா என்று நேரில் பார்த்து எழுதவேண்டியது அவர் வேலை.

வந்தது பங்குனிப் பொங்கலன்று. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அவரவர் பழைய ஊருக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் மூத்த மகளையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஒருத்திதான் மிச்சம்.

"இது சுந்தரபாண்டி வீடு மேடம். புருசன் பொண்டாட்டி, மூணு பிள்ளைக" என்றேன். பூட்டு. "இது தங்கலட்சுமி வீடு. ரெண்டு பிள்ளைக" என்றேன். அதிலும் பூட்டு.

பதினைந்தாவது பூட்டில் மேடம் நின்றுவிட்டார்.

"எல்லாரும் எங்கம்மா போயிட்டாங்க?"

"சொந்த ஊருக்குப் போயிருக்காக மேடம். அங்க பொங்கலு."

"சொந்த ஊரு அதுன்னா, அப்ப இது என்ன ஊரு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் கேட்டார். நான் பதினாறாவது பூட்டைக் காட்டினேன். நிரந்தரக் குடியிருப்பு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். கண்ணால் கண்டதைத்தான் எழுதினார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் ஏன் பொங்கலுக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பரளச்சிப் பக்கம் எங்கள் பழைய ஊர். அங்கே நாங்கள் இருந்த குடிசை ஒரு முதலாளியின் களத்தோரம் நின்றது. அந்த வீட்டாரின் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவரை அது எங்கள் குடிசை. ஒருநாள் வேறு வேலைக்குப் போய்விட்டால், சாயங்காலம் வந்து கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்போதுதான் வீடில்லாத எங்கள் இருபத்து நாலு குடும்பத்துக்கும், காரியாபட்டிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது குடும்பத்துக்கும் கரைமேட்டில் இலவசப் பட்டா கிடைத்தது. எல்லாரும் பட்டாவை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டினார்கள். போக ஒருத்தரும் இல்லை. கரைமேடு முழுக்க ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். கரண்டு கிடையாது. பாம்பு மட்டும் உண்டு.

நான் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் ரத்தினம் எங்கள் காளியம்மன் கோயில் பூசாரி. கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது, "முள்ளுக்காட்டுக்குப் போயி நரியோட குடும்பம் நடத்தப் போறாளாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "இனி இந்த மண்ணை மிதிச்சா என் பேரு மாரிக்கனி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு வருஷம் அந்தப் பேரைக் காப்பாற்றினேன்.

முதல் வருஷம் கரைமேட்டில் நாங்கள் மட்டும்தான். என் வீட்டுக்காரர் பால்ச்சாமி அதிகம் பேசாத மனிதர். ஆனால் அரிவாளை எடுத்தால் வைக்க மாட்டார். கருவேலத்தை வெட்டி வெட்டிக் கரிமூட்டம் போட்டோம். அந்தக் கரி விற்றுத்தான் எங்கள் சுவர் எழும்பியது. கரி ஏற்ற லோடு வண்டியோடு வந்தான் காரியாபட்டிப் பக்கத்து அழகுராஜா. வெட்டி வெளியாய்க் கிடந்த இடத்தைப் பார்த்து, "எனக்கும் இங்கதானக்கா பட்டா இருக்கு" என்றான். அடுத்த மாசம் அவன் வீடு எழுந்தது. அப்புறம் அவன் சித்தப்பா, அவர் மச்சினன். எங்கள் பக்கத்திலும் ஒவ்வொருவராக டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். பத்து வீடு ஆனதும் கரண்டுக் கம்பம் வந்தது. இருபது ஆனதும் பஞ்சாயத்துக் குழாய் வந்தது. நான் ஒரு டீக்கடை போட்டேன். அருப்புக்கோட்டை மில் வேன்காரன் திருச்சுழியோடு திரும்புகிறவன், காலையில் கரைமேடுவரை வந்து ஆள் ஏற்ற ஆரம்பித்தான்.

எல்லாம் வந்தது, பள்ளிக்கூடம் மட்டும் வரவில்லை. மூத்தவள் பிரவீணா ஐந்தாவது படிக்கும்போது ஒரு ஐப்பசியில் ஆறு இருபத்து மூன்று நாள் ஓடியது. அப்போது பாலத்தைச் சுற்றிக் கூட்டிப்போக எங்களிடம் சைக்கிள்கூட இல்லை. தண்ணீர் வடிந்து அவள் போனபோது பாடம் எங்கேயோ போயிருந்தது. ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் போக மாட்டேன் என்றாள். அடித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வளர்ந்து, இப்போது விடியுமுன் மில் வேனில் அருப்புக்கோட்டைக்குப் போகிறாள். சின்னவள் யுவராணிக்கு இந்தப் பங்குனியோடு ஐந்து முடிகிறது. ஆறு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவள் நடந்து போகிற பள்ளிக்கூடம் எனக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

இந்த வருஷமும் ஆய்வுக் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். மீண்டும் பங்குனிப் பொங்கலன்றே, செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை கடிதம் கையில் இருக்கிறது, நடுவில் பன்னிரண்டு நாள்கூட முழுசாக இல்லை. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"தேதியை என்னால மாத்த முடியாதும்மா. அந்த வாரத்தோட பட்டியல் முடியுது. ஆளுகளை இருக்கச் சொல்லுங்க" என்றார்.

இருக்கச் சொல்வது லேசாக இருந்தால் போன வருஷமே சொல்லியிருப்பேனே. எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு அப்படி. பொங்கலுக்கு முந்தின செவ்வாயே கோயிலில் காப்புக் கட்டுவார்கள். பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அந்த ஊர்க்காரர் எவரும் எட்டு நாளும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பொங்கலன்று பானை பொங்குகிறவரை எல்லையைத் தாண்டவே கூடாது. மீறினால் பிள்ளைக்கு அம்மை காணும், மாடு மடி வற்றும் என்று பயம். அதனால்தான் காப்புக்கு முந்தின நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்தே மில்லுக்குப் போய் அங்கேயே திரும்புகிறார்கள். காரியாபட்டிப் பக்கமும் இதே கட்டுத்தான், அதே செவ்வாய்தான்.

சாயங்காலம் டீக்கடையில் ஆட்களைக் கூட்டினேன். இந்த ஒரு வருஷம் மட்டும் போகாமல் இருங்கள் என்றேன்.

"நீ வீம்புக்காரி, இருந்துக்கிருவ" என்றாள் தங்கலட்சுமி. "நாங்க போகாம இருந்து பிள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா பள்ளிக்கூடம் வந்தா காப்பாத்தப் போகுது?"

மற்றவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர்கள் எனக்குப் பயப்பட மாட்டார்கள், அதிகாரிக்குப் பயப்பட மாட்டார்கள், அந்த மஞ்சள் கயிற்றுக்கு மட்டும்தான் பயப்படுவார்கள். அப்படியானால் அந்தக் கயிற்றை இங்கேயே கட்டினால் என்ன? இப்படி நினைத்ததும் ஆத்திரம் போய்விட்டது.

இங்கே காப்புக் கட்ட இங்கே சாமி வேண்டும். புது இடத்துக்குச் சாமி வரவேண்டும் என்றால் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வர வேண்டும். பூசாரி தன் கையால் கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளிக் கொடுக்க வேண்டும். எங்கள் பூசாரி யார் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

"எங்கண்ணன்கிட்ட நீயா போயிக் கேப்ப?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாந்தான் கேப்பேன். நீங்க கூட வாங்க, போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் பழைய ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கால் கீழே படும்போது கூசத்தான் செய்தது. நான் சொன்ன சொல்லின்படி அந்த நிமிஷமே என் பேர் மாறியிருக்க வேண்டும். மாறினால் மாறட்டும், யுவராணியின் அம்மா என்று கூப்பிடட்டும்.

கோயில் வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். பொங்கல் வேலையாகக் கூடியிருந்தார்கள். ரத்தினம் அத்தானுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் வந்த காரியத்தை நின்றபடியே சொன்னேன்.

"பதினோரு வருசமா வாசப்படி மிதிக்கல. இப்ப மண்ணு கேட்டு வந்திருக்கியாக்கும்" என்றார்.

"ஆமா அத்தான். அன்னைக்குச் சொன்னது என் வாயி. இன்னைக்குக் கேக்குறதும் என் வாயிதான். நீங்க என்னைய வைய்யணும்னா வைய்யுங்க. மண்ணு மட்டும் இல்லன்னு சொல்லாதீக."

அவர் வையவில்லை. வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மண்ணு குடுக்குறது பெருசில்ல தாயி. கட்டு ஒன்னு இருக்கு. மண்ணைக் கையில வாங்குற தலக்கட்டுக்கு அதுக்கப்புறம் இந்தக் கோயில்ல பேரு கெடையாது. மத்த இருபத்திமூணு பேரு வந்தாலும் வரலாம், போனாலும் போகலாம். வாங்குறவன் பேரை இன்னைக்கே அடிச்சிருவோம். நாளைக்கு அவன் வீட்டு நல்லது பொல்லாததுக்கு இங்கருந்து மேளம் வராது."

நான் உடனே முந்தானையை ஏந்தினேன். "எங்கிட்டக் குடுங்க."

"தலக்கட்டுன்னா அவன்தான். அவன் கையில்தான் குடுக்க முடியும்."

என் வீட்டுக்காரர் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொங்கலைத் தவறவிட்டவர் இல்லை. அந்தக் கோயிலில் முதல் முளைப்பாரி எடுத்தது அவர் அம்மா. கரைமேட்டில் பதினோரு வருஷம் இருந்தும், யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பழைய ஊர்ப் பேரைத்தான் சொல்லுவார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேண்டாம் வாங்க போவோம் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார். போய் அண்ணன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். ரத்தினம் அத்தான் மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார்.

பிடிமண்ணை வழியில் கீழே வைக்கக் கூடாது. பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை, முடிச்சை நெஞ்சோடு பிடித்தபடி நின்றே வந்தார். கண்டக்டர், "பெரியவரே, அதை மேல வச்சிட்டுக் கம்பியப் பிடிங்க" என்று இரண்டு தடவை அதட்டினான். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் அவரை அப்படிப் பிடித்ததில்லை.

வந்த இடத்தில் அழகுராஜா மல்லுக்கு நின்றான்.

"உங்க ஊரு மண்ணுக்கு நாங்க எதுக்குக்கா காப்புக் கட்டணும்? பத்தொன்பது வீடு இருக்கோம். நாங்க எங்க ஊருக்குப் போறோம்."

"ஏலே, நீயும் போயி உங்க மண்ணைக் கொண்டா. ஒரே குழியில போடுவோம்."

"எங்காளுக சிரிப்பாங்க."

"எங்காளுக பதினோரு வருசமாச் சிரிக்கிறாக. செத்தா போனேன்?"

சனிக்கிழமை அவன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வாசலில் நின்றது. செவ்வாய்க்குள் காப்புக் கட்டாவிட்டால் மேடம் வருகிற அன்று பத்தொன்பது பூட்டு. திங்கட்கிழமை மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்தபோது சட்டைப் பை கிழிந்திருந்தது. துண்டில் மண் இருந்தது. அங்கே சும்மா கொடுத்து அனுப்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"கொண்டாந்துட்டேன். ஆனா காப்பு எங்க ஆளு கையிலதான் ஏறணும்" என்றான்.

என் வீட்டுக்காரர் கையில் அந்தக் கயிறு ஏறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரை இழந்து மண் வாங்கியவர் அவர்தானே. அழகுராஜாவை நன்றாக நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் அவரே திரும்பி, "அவன் கையிலயே கட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குழி தோண்டப் போனார்.

இரண்டு ஊரிலும் காளிதான். அதனால் பேர்ச் சண்டை வரவில்லை. வந்திருந்தால் இன்னும் பத்து நாள் போயிருக்கும். ஊரின் மேற்கே வேப்பமரத்தடியில் இரண்டு மண்ணையும் ஒன்றாகக் கொட்டி மேலே ஒரு கல்லை நட்டோம். ஆற்றின் அந்தக் கரைவரை எல்லை என்று முடிவு செய்து, செவ்வாய்க்கிழமை காலையில் அழகுராஜா கையில் காப்புக் கட்டினோம். தங்கலட்சுமி உட்பட யாரும் கிளம்பவில்லை. கிளம்ப வைத்திருந்த பையை அவள் பிரித்து அடுக்குவதை நானே பார்த்தேன். மதுரைக்கு லோடு அடிக்கிற அழகுராஜா எட்டு நாளும் பொழுது சாய்வதற்குள் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பொங்கலன்று காலை எழுந்தபோது என் வீட்டுக்காரரைப் படுக்கையில் காணோம். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியும் இல்லை, துண்டும் இல்லை. பழைய ஊருக்கு முதல் பஸ் ஆறு மணிக்கு. மணி ஏழாகியிருந்தது. பேரை அடித்தாலும் ஓரமாக நின்று பானை பொங்குவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருப்பார் என்று பட்டது. கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அதற்கு அடியில் பாவமாக இருந்தது. அவரிடமிருந்து நான் பறித்தது கொஞ்சமா? போனது வெளியே தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டார் என்று பத்து வீடு கலையும். யாரிடமும் சொல்லாமல் அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன்.

பத்து மணிக்கு ரேணுகாதேவி மேடம் வந்தார். சுந்தரபாண்டி வீட்டில் ஐந்து பேரும் இருந்தார்கள். தங்கலட்சுமி வீட்டில் மேடத்துக்கு மோர் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை நிறுத்தி எழுதிக்கொண்டே வந்தார். மில்லுக்குப் போகாமல் பிரவீணாதான் கூடவே நடந்து வயது சொன்னாள். முப்பத்தொரு பிள்ளைகள். கடைசியாக எங்கள் வீடு.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தலையில் குடத்தோடு என் வீட்டுக்காரர் ஆற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை ஈர மணல். பொங்கல் பானைக்கு ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று, காய்ந்த ஆற்றில் விடியலிலிருந்து தோண்டி ஊறவிட்டு மொண்டு வந்திருக்கிறார். இது இரண்டாவது குடம்; முதல் குடத்தை நான் மேடத்தோடு சுற்றும்போதே பானையில் ஊற்றிவிட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன கேடு அந்த மனிதருக்கு.

மேடம் அவர் பேரை எழுதிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் எல்லாருமே பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தீங்களே. இந்த வருஷம் நீங்க ஊருக்குப் போகலியா?"

அவர் குடத்தை இறக்கவில்லை.

"நம்ம ஊர்லதாம்மா பொங்கலு" என்றார். "காப்புக் கட்டியிருக்கு. ஊரை விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

மேடம் குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போகிறாற்போல வேப்பமரத்தடிக்குப் போய், புகையில் நின்று அழுதேன். அதற்குள் பானை பொங்கிவிட்டது, தங்கலட்சுமிதான் ஓடி வந்து அரிசி போட்டாள்.